மேட்டுக்கு யார் கூலி கொடுப்பது?

(நெய்வேலியில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஷிப்டு முடிந்து குளித்தும் குளிக்காமலும் வந்திருக்கிற சுரங்கத் தோழர்களுக்கும், முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்துப்போன கைகளோடு பண்ருட்டிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருக்கிற தாய்மார்களுக்கும், கீழே பரவனாற்றுப் பாசனத்திலிருந்து வந்திருக்கிற விவசாயத் தொழிலாளர்களுக்கும் வணக்கம். இந்த மூன்று கூட்டமும் ஒரே பந்தலின் கீழ் உட்காருவது அபூர்வம். நான் பேச எடுத்துக்கொண்டிருக்கிற விஷயமும் மூன்று பேருக்கும் பொதுவானது. தண்ணீர் விஷயம்.

தண்ணீர் என்றதும் "குழாய் போடு, மோட்டார் போடு" என்று மனுக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். அது நியாயமான கோரிக்கைதான், விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் இன்று வேறொரு கேள்வி கேட்கிறேன். பூமிக்குக் கீழே கிடக்கிற தண்ணீர் எங்கிருந்து அங்கே போய்ச் சேருகிறது? அதைப் போய்ச் சேரும்படி வைத்திருப்பது ஒரு வேலையா, இல்லையா? வேலை என்றால், அதற்குக் கூலி கொடுப்பது யார்?

சுரங்கத் தோழர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு வெட்டியபோது பழுப்பும் கறுப்புமாக ஏதோ வந்தது என்பதில் ஆரம்பித்து, 1956ல் கார்ப்பரேஷன் ஏற்பட்டது, 1957ல் நேரு வந்து வேலையைத் துவக்கி வைத்தது, 1961ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது, 1962ல் மின்சாரம் பிறந்தது வரை எல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். ஆனால் கரிக்கு அடியில் ஒரு மணல் படுகை இருக்கிறதே, அதில் தண்ணீர் சும்மா தேங்கி நிற்கவில்லை. மேலே அழுத்திக்கொண்டு நிற்கிறது. பம்பு வைத்து இரவும் பகலும் இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே பிளந்து பொங்கிவிடும். அதனால்தான் ஒரு டன் கரி எடுப்பதற்குப் பல டன் தண்ணீர் எடுக்கிறோம். கரி வெட்டுகிறவன் என்று நம்மைச் சொல்லுகிறார்கள். எடை போட்டுப் பார்த்தால் நாம் தண்ணீர் இறைக்கிறவர்கள்.

அந்த அழுத்தம் எப்படி வந்தது? இங்கே வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தால் கீழே குழாயைத் திறந்ததும் பீறிட்டு வருகிறதல்லவா, அதே சூத்திரம்தான். மாடித் தொட்டி நமக்கு மேற்கேயும் வடமேற்கேயும் இருக்கிறது. விருத்தாசலம், உளுந்தூர்ப்பேட்டை, பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேடுதான் அது. அங்கே இந்த மணற்கல் பூமியின் மேல்மட்டத்துக்கே வந்து வெளியில் தலைகாட்டுகிறது. மழை அந்த மேட்டில் விழுந்து, முந்திரித் தோப்பிலும் பலாத் தோப்பிலும் குட்டையிலும் ஏரியிலும் நின்று, மெல்ல உள்ளே இறங்கி, கீழ்ச்சரிவில் நம்மை நோக்கி வருகிறது. அதனால்தான் ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் ஆழக் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் தானாகப் பொங்கிற்று. வயதான தோழர்கள் பார்த்திருப்பீர்கள். இன்று பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறோம் என்கிறார்கள்.

இனி, இந்தத் தண்ணீரால் வாழுகிறவர்கள் யார் யார் என்று பாருங்கள். அனல் மின் நிலையங்களுக்குக் கொதிக்கவைக்கவும் குளிரவைக்கவும் இந்தத் தண்ணீர். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் குழாயில் இந்தத் தண்ணீர். சுரங்கத்திலிருந்து வெளியே விடும் தண்ணீர் பரவனாற்றில் விழுந்து வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் நெல் விளைகிறது. ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கிற விவசாயி, கரும்பு போட்டவன், கடலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள், பஞ்சாயத்துக் குடிநீர்த் தொட்டிகள் எல்லாம் பூமிக்கடித் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. அத்தோடு முடிந்ததா? 2004ல் புதிய வீராணம் திட்டம் வந்தது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்று கணக்குப் போட்டு, சேத்தியாத்தோப்பில் ஏற்றி, நம் பக்கத்து வடக்குத்தில் சுத்தம் பண்ணி, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியே சென்னைக்கு அனுப்புகிறார்கள். வீராணம் வறண்ட வருஷங்களில் அதே குழாயில் நெய்வேலிப் படுகையின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் போயிருக்கிறது. 2019ல் சென்னை தவித்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, இந்த மண்ணின் தண்ணீரும் அந்த ஊர்க் குடத்தில் இருந்தது.

ஆக வாங்குகிறவர்கள் பல பேர். கொடுக்கிறது ஒரே மேடு. அந்த மேட்டுக்கு இவர்களில் யாராவது ஒரு காசு கொடுக்கிறார்களா என்றால், இல்லை.

"மழைக்கு யாராவது விலை கொடுப்பார்களா?" என்று கேட்பீர்கள். மழைக்கு வேண்டாம். மழை இறங்குகிற வேலைக்குத்தான் கேட்கிறேன். 2011 டிசம்பர் 30ந் தேதி தானே புயல் அடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பண்ருட்டி மேட்டில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஒரு முந்திரி நட்டு அது காசு காட்ட வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தனை வருஷம் வயிறு காத்திருக்குமா? போர் போட்டு உடனே பணம் வருகிற பயிருக்குப் போனால் அந்தக் குடியானவனைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் தண்ணீர்க் கணக்கில் அது என்ன? உள்ளே இறக்கிக்கொண்டிருந்த நிலம் உறிஞ்சுகிற நிலமாக மாறுகிறது. அன்று வாங்குகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து "தோழரே, மறுபடி முந்திரியே நடும், காய்க்கிற வரைக்கும் நாங்கள் தாங்குகிறோம்" என்று சொல்லியிருந்தால், அது தர்மம் அல்ல, கூலி.

ஏன் சொல்லவில்லை? கெட்ட மனசு என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது சரியான விளக்கம் அல்ல. ஒரு கணக்கு சொல்கிறேன், விரலை மடக்கிக்கொள்ளுங்கள். ஒரு ஏரிக்கரையைச் சீர்செய்ய நூறு ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏரியால் ஐந்து பேருக்கு ஆளுக்கு நாற்பது ரூபாய் லாபம். தனியாக ஒருவன் நூறு செலவு செய்து நாற்பது எடுப்பானா? மாட்டான். ஐந்து பேரும் சேர்ந்தால் ஆளுக்கு இருபதுதான், நாற்பது கிடைக்கும். அப்போது ஐந்தாவது ஆள் யோசிக்கிறான்: "நான் கொடுக்காவிட்டாலும் அவர்கள் நாலு பேரும் செய்துவிடுவார்கள், தண்ணீர் என் வயலுக்கும் வரத்தானே செய்யும்?" விலகுகிறான். நாலு பேருக்கு இருபத்தைந்து ஆகிறது, இன்னும் லாபம்தான். நாலாவது ஆள் அவனைப் பார்த்து விலகுகிறான். மூன்று பேருக்கு முப்பத்து மூன்றுக்கு மேல். மூன்றாமவனும் நழுவினால் மிஞ்சிய இரண்டு பேருக்கு ஆளுக்கு ஐம்பது. நாற்பதுக்காக ஐம்பது கொடுப்பவன் உண்டா? கரை உடைகிறது. ஐந்து பேரும் மோசம் போகிறார்கள். ஒவ்வொருவனும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதால் வந்த கேடு இது!

சங்கத் தோழர்களுக்கு இது புதிதல்ல. வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ளாமல் உள்ளே போய்விட்டு, வெற்றி வந்ததும் போனஸை முதலில் எண்ணி வாங்குகிறவனை நாம் பார்த்ததில்லையா? அவனுக்கு நாம் வைத்திருக்கிற பேரை இங்கே தாய்மார்கள் இருப்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

இதை நம் முன்னோர் அறியாமல் இல்லை. குடிமராமத்து என்ற ஏற்பாடு இதற்குத்தான். ஏரியால் பயனடைகிற ஊரார் ஆளுக்கு இத்தனை என்று உழைப்பைக் கொடுத்துக் கரையையும் வாய்க்காலையும் காப்பது. நழுவுகிறவர்கள் அதிகமானபோது வெள்ளைக்காரன் 1858ல் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். 2017ல் தமிழ்நாடு சர்க்கார் அதே பேரில் திட்டம் கொண்டுவந்தது. ஆனால் பழைய குடிமராமத்தைப் பொற்காலம் என்று மேடையில் புகழுகிறவர்கள் ஒன்றை மட்டும் சொல்லுவதில்லை. கடமை நிலமுள்ளவனுடையது, மண்வெட்டி பிடித்த கை பண்ணையாளுடையது. கரை நின்றால் விளைச்சல் மிராசுதாருக்கு. மண் சுமந்தவனுக்குக் கூழ். என் அப்பா தலையில் கூடை சுமந்தவர், ஆகவே இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மன்னிக்கவும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. தென் அமெரிக்காவில் ஈக்வடார் என்ற சிறிய தேசம், அதன் தலைநகரம் கீட்டோ. அந்த ஊர் குடிக்கிற தண்ணீர் ஆண்டிஸ் மலையுச்சிப் புல்வெளிகளில் ஊறி வருகிறது. மாடு மேய்த்தும் தீ வைத்தும் புல்வெளி அழிந்தால் ஊருக்குத் தண்ணீர் இல்லை. 2000ம் வருஷம் ஒரு பொது நிதி ஆரம்பித்தார்கள். முதலில் போட்ட பணம் வெறும் 21,000 டாலர். அதில் 20,000 நகரத்துத் தண்ணீர் நிறுவனம் போட்டது, 1,000 ஒரு இயற்கைப் பாதுகாப்பு ஸ்தாபனம் போட்டது. பிறகு மின்சாரக் கம்பெனி வந்தது. அதற்குப் பிறகு பீர் காய்ச்சுகிற கம்பெனி வந்தது, பாட்டில் தண்ணீர்க் கம்பெனி வந்தது. எல்லாருக்கும் வேண்டியது ஒரே தண்ணீர்தானே! முதலைச் செலவழிக்காமல் வருமானத்தில் வேலை செய்வது, நிதி 80 வருஷம் நிற்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். முக்கியமான காரியம் என்னவென்றால், தண்ணீர் நிறுவனத்தின் பங்கை அதன் தயவுக்கு விடவில்லை. விற்பனை வருமானத்தில் 2 சதம் என்று நகரசபையே சட்டம் செய்துவிட்டது. முதலில் வந்தவன் கட்டாயமாகக் கொடுக்கிறான் என்று தெரிந்தால்தான் இரண்டாமவன் பையைத் திறப்பான். அந்தப் பணத்தில் மலைக் கிராமத்து ஆட்களையே காவலர்களாக வைத்திருக்கிறார்கள். அதாவது மேட்டுக்குக் கூலி.

நம் நாட்டில் ஹிமாசலப் பிரதேசத்தில் பாலம்பூர் என்ற சிறு நகரம். அதன் நகரசபை 2010ல் மேலே உள்ள போஹல் கிராமத்தாரோடு ஒப்பந்தம் செய்தது. ஊற்றுக்கு மேலே உள்ள காட்டைக் காப்பதற்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய். தொகையைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். கொடுக்க வேண்டிய கடமை இருக்கிறது என்று ஒரு நகரம் எழுதிக் கையெழுத்துப் போட்டதே, அது பெரிது. ஆனால் அங்கே வாங்குகிறவன் ஒருவன். நமக்கு அப்படி இல்லை, பல பேர். அதுதான் நம் கஷ்டம், அதுதான் நம் பலமும்.

பல பேர் சேர முடியாது என்று சொல்லுகிறவர்களுக்கு நெய்வேலியிலிருந்தே பதில் சொல்லலாம். 2013ல் மத்திய சர்க்கார் என்.எல்.சி. பங்குகளை விற்கப் போகிறது என்றதும் நீங்கள் வேலைநிறுத்தம் செய்தீர்கள். அந்தப் போராட்டத்தின் முன்னால் என்ன நடந்தது? தமிழ்நாடு சர்க்காரின் ஐந்து நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து 3.56 சதப் பங்கை வாங்கின. ஐந்து கணக்குப் புத்தகங்கள், ஐந்து நிர்வாகங்கள், ஆனால் ஒரே முடிவு. பங்குக்காக ஐந்து பேர் ஒரே மேஜையில் உட்கார முடியுமானால், தண்ணீர் ஊறுகிற மேட்டுக்காக உட்கார முடியாதா?

இப்போது நடப்பது என்ன? ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாகத் தர்மம் பண்ணுகிறது. லாபத்தில் 2 சதம் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்லுகிறதல்லவா, அதை வைத்து இவன் ஒரு குட்டை வெட்டுகிறான், அவன் நூறு செடி நடுகிறான். குட்டையைவிடப் பெயர்ப் பலகை பெரிதாக இருக்கிறது. அடுத்த வருஷம் செடி இருக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லை, பலகைக்கு மட்டும் வர்ணம் அடிக்கிறார்கள். மண் மேவிக் கிடந்த வாலாஜா ஏரியை என்.எல்.சி. பணத்தில் தூர் வாரினார்கள், நல்ல காரியம். ஆனால் சுரங்கக் கழிவு மண் வந்து ஏரிகள் மேடாகின்றன என்று விவசாயிகள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்களே, அது வேறு கணக்கு. கெடுத்ததற்கு நஷ்டஈடு ஒன்று, செய்த வேலைக்குக் கூலி ஒன்று. இரண்டையும் ஒரே ரசீதில் எழுத விடக் கூடாது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வரப்போகிற நெல்லின் மேல் இயந்திரத்தை விட்டு வாய்க்கால் வெட்டினார்களே, அந்த வயலுக்குப் பதிலாக எங்கோ பத்து மரம் நட்டுக் காட்டினால் நாம் ஒப்புக்கொள்ள முடியுமா?

தனித்தனியாக வாங்குவதில் இன்னொரு வம்பு உண்டு. ஒருவனுக்குத் தண்ணீர் வேண்டும். இன்னொருவனுக்குப் புகைக்கு ஈடாக மரக்கணக்கு வேண்டும். சீக்கிரம் வளருகிற மரமாக இருந்தால் அவனுக்குச் சந்தோஷம். 2023ல் மத்திய சர்க்கார் பசுமைக் கடன் திட்டம் என்று ஒன்று அறிவித்து, மரம் நட்டால் மதிப்பெண் என்று வைத்திருக்கிறது. நம் மேட்டில் ஏற்கெனவே தைல மரத் தோட்டம் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். தைல மரம் வேகமாக வளரும், வேகமாகத் தண்ணீரும் குடிக்கும். மரக்காரன் காசு கொடுத்து நடச் சொல்லுவதை, தண்ணீர்க்காரன் காசு கொடுத்து வெட்டச் சொல்லும்படி ஆகும். நடுவில் நிலத்துக்காரன் இரண்டு பேரிடமும் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பான். வாங்குகிறவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து முதலில் என்ன வேண்டும் என்று பேசித் தீர்த்துக்கொண்டால்தான் இது நேராகும்.

ஆனால் தோழர்களே, இங்கே நாம் விழிப்பாக இருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் ஒன்றுசேருவது நல்லது என்று இவ்வளவு நேரம் பேசினேன். ஒன்றுசேர்ந்த பிறகு அவர்கள் என்ன செய்வார்கள்? கூலிப் பேச்சு வந்தால் ஆலை முதலாளிகள் எப்படி உட்காருகிறார்கள் என்று பஞ்சாலைத் தோழர்களைக் கேளுங்கள். பத்து மில் தனித்தனியாக ஆள் தேடினால் கூலி ஒரு விதம். பத்தும் ஒரே வாயாகப் பேசினால் கூலி வேறு விதம். "மேட்டுக்கு இவ்வளவுதான், வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் போ" என்று ஒரே விலை சொல்லிவிடுவார்கள். ஆகவே வாங்குகிறவர்கள் சங்கம் அமைத்தால், மேடும் சங்கம் அமைத்தாக வேண்டும்.

மேடு என்றால் யார்? இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. பட்டா வைத்திருக்கிறவன் மட்டும்தான் மேடு என்றால், பணம் முழுவதும் பத்து ஏக்கர் தோப்புக்காரனுக்குப் போகும். தோப்பில் களை வெட்டுகிறவள், கொட்டை பொறுக்குகிறவள், ஓட்டெண்ணெய் பட்டுக் கை வெந்து கொட்டை உடைக்கிறவள், அவளுக்கு ஒரு சென்ட் நிலமில்லை. ஆகவே அவள் சுற்றுச்சூழலுக்கு எந்தச் சேவையும் செய்யவில்லை என்று கணக்கு எழுதுவார்கள்! இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது. சண்டிகர் பக்கத்தில் சுகோமாஜ்ரி என்ற கிராமம். அதன் மலைச்சரிவை ஆடு மாடு மேய்ந்து மண் அரித்து, கீழே சண்டிகரின் சுக்னா ஏரி மேடாகிக்கொண்டிருந்தது. 1970-களில் அந்தக் கிராமத்தில் சிறு அணைகள் கட்டினார்கள். மேய்ச்சலை நிறுத்தினால் அணைத் தண்ணீர் உங்களுக்கு என்று பேச்சு. நிலமுள்ளவன் மட்டும் தண்ணீர் எடுத்தால் நிலமில்லாதவன் ஏன் ஆட்டைக் கட்டிப்போடுவான்? ஆகவே நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தண்ணீரில் சமபங்கு என்று வைத்தார்கள். நிலமில்லாதவன் தன் பங்கை மற்றவனுக்கு விற்றுக் காசு வாங்கிக்கொள்ளலாம். சரிவில் புல் வளர்ந்தது, ஏரிக்கு வருகிற மண் குறைந்தது. சமபங்கு கொடுத்தது தயவால் அல்ல, கொடுக்காவிட்டால் காரியம் நடக்காது என்பதால்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். சுரங்கம் உள்ள ஜில்லாவில் இந்தக் கேள்வியே கூடாது. 2015ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி ஜில்லா கனிம அறக்கட்டளை என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். பழைய குத்தகைக்காரன் ராயல்டியில் 30 சதத்துக்குச் சமமான தொகையை அதில் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஜனங்களுக்காக அந்தப் பணம்; அதில் பெரும்பகுதியைக் குடிநீர், சுற்றுச்சூழல், சுகாதாரம், கல்வி போன்றவற்றுக்குச் செலவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதை முதல் போட்டு, என்.எல்.சி.யும், சென்னைக் குடிநீர் வாரியமும், தொழிற்சாலைகளும் எடுக்கிற தண்ணீருக்கு லிட்டர்க் கணக்கில் பங்கு கட்டட்டும். அளவுக் கருவியைப் பொதுவில் வைத்துப் படிக்கட்டும். இரண்டு ஏக்கர் குத்தகைக்காரனிடமும் குடிசைக் குழாயிடமும் கை நீட்டக் கூடாது. நிர்வாகத்தில் பாதி இடம் மேட்டுக் கிராமங்களுக்கு, அதில் பாதி நிலமில்லாத தொழிலாளருக்கு. பணம் முதலில் கூலியாகப் போகட்டும்: ஏரி வரத்துக் கால்வாய் வெட்ட, முந்திரி நட்டுக் காக்க, குட்டை தூர் வார.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி, படிக்கிறேன்: "அடியில் தண்ணீர் அழுத்தம் குறைந்தால்தான் சுரங்கத்துக்குச் சௌகரியம். மேட்டில் தண்ணீர் அதிகம் இறங்கினால் பம்புச் செலவு கூடும். பிறகு என்.எல்.சி. எதற்காகக் காசு கொடுக்கும்?"

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். சுரங்கம் தண்ணீர் வேண்டாம் என்கிறது. அதே நிறுவனத்தின் மின் நிலையமும் டவுன்ஷிப்பும் தண்ணீர் வேண்டும் என்கின்றன. ஆகவே இந்த மேஜையில் என்.எல்.சி. இரண்டு நாற்காலியில் உட்காருகிறது. மின் நிலையத்தின் பேரில் அது வாடிக்கைக்காரன், வாங்குகிற தண்ணீருக்குக் கொடுக்க வேண்டும். சுரங்கத்தின் பேரில் அது கடன்காரன். மற்றவர்களுக்கும் சொந்தமான படுகையிலிருந்து இறைத்து வெளியே விடுகிறது, அதற்கும் கொடுக்க வேண்டும். வாடிக்கைக்காரனைக் கூப்பிட்டால் வருவான். கடன்காரன் தானாக வரமாட்டான், சட்டமும் சங்கமும் போய்த்தான் கூட்டிவர வேண்டும். அந்தச் சங்கம் சுரங்கத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதைச் சீட்டு எழுதிய தோழர் மறந்துவிட வேண்டாம். அடுத்த கோரிக்கைப் பட்டியலில், காண்ட்ராக்ட் தொழிலாளர் நிரந்தரத்துக்கு அடுத்த வரியாக, இறைக்கிற தண்ணீரின் தினசரிக் கணக்கை வாயிலில் எழுதி ஒட்ட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பண்ருட்டித் தாய்மார்கள் கிராம சபையில் கொடுக்க வேண்டிய தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறேன். போகும்போது மேஜையில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி பஸ் ஒன்பதரைக்கு என்றார்கள், ஆகவே இத்தோடு நிறுத்துகிறேன்.